பணத்தந்தியோடு போன கேள்வி

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். இடைவேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். தேர் ரூஜ் அரசாங்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தந்திக்காரர் சைக்கிளைக் கொடிக்கம்பத்தில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முற்றத்தைக் கடந்து வந்தார். புழுக்கத்துக்காகக் கழற்றியிருக்கலாம். ஆனால் சாவுச் செய்திக்குத்தான் தொப்பியைக் கழற்றுவார்கள் என்று நினைத்து, சாக்பீஸை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

என் மகள் அப்போது லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். கப்பலேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. உடம்பு சரியில்லை, பெட்டியும் பாஸ்போர்ட்டும் களவு போய்விட்டன, விடுதியில் இருக்க முடியாது, உடனே நூறு பவுண்டு அனுப்புங்கள், பாஸ்போர்ட் கேட்காமல் தரும்படி அனுப்புங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். கீழே அவளுடைய வீட்டுப் பெயர்.

அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது. எங்கள் தீவில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். ஒன்று பிறப்புப் பதிவேட்டில் குமாஸ்தா எழுதியது. அது பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும். இன்னொன்று வீட்டில் கூப்பிடுவது. பதிவேட்டுப் பெயரில் தந்தி வந்திருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பேன். வீட்டுப் பெயரைப் பார்த்ததும் அவள் குரலே காதில் விழுந்ததுபோல் இருந்தது. லண்டனில் அந்தப் பெயரை அவளைத் தவிர யார் அறிவார்?

தலைமை ஆசிரியரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். என் பெயரில் இருந்த அஞ்சலகச் சேமிப்பில் பணம் இருந்தது. அது என் பணம் அல்ல. என் மகன் பாம்பூவில் ஒரு கரும்புத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பெரிய புயலில் தகரக் கூரை பறந்ததைப் பார்த்தவன். கான்கிரீட்டில் வீடு கட்டவேண்டும் என்பது அவனுக்கு வெறி. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று மாதாமாதம் என்னிடம் கொடுத்துவைத்தான். அவனைக் கேட்கவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. கேட்டால் ‘பொறுங்கள்’ என்பான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மகளும் எழுதியிருக்கிறாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

தலைநகர் போர் லூயியில் பணத்தந்தி அனுப்பும் கவுண்டரில் இருந்தவர் ஏறக்குறைய என் வயதுக்காரர். கறுப்புக் கோட்டு, முழங்கையில் பளபளவென்று தேய்ந்திருந்தது. மகள் நர்ஸ் பயிற்சியில் இருப்பதைச் சொல்லித் தந்தியைக் காட்டினேன். பேச்செல்லாம் எங்கள் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில்தான். நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

“பாஸ்போர்ட் இல்லையா அந்தப் பொண்ணுகிட்ட?”

“களவு போச்சு.”

“களவு போனா அங்க போலீஸ்ல ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாங்க. அதைக் காட்டினாலும் போதும், மிஸ்.”

“உடம்பு முடியாதவ போலீசுக்கு நடப்பாளா?”

“சரி. வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஒரு தந்தி அடிங்க. நாளைக்கு இந்நேரம் பதில் வந்துடும்.”

“நாளைக்கு வரைக்கும் அவ எங்க படுப்பா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உங்க மக நர்ஸ். உடம்பு முடியாத நர்ஸை ஒரு ஆஸ்பத்திரி தெருவுலயா விடும்?”

இன்றுவரை நான் நூறு முறை கேட்டுப்பார்த்துக்கொண்ட கேள்வி அது. அன்று அது என் காதில் ஏறவில்லை. ‘இவனுக்குப் பெண் பிள்ளை இருக்காது’ என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “அலே மாதாம், சீக்கிரம். ராணிக்கே பணம் அனுப்பற மாதிரி யோசிக்கறீங்க” என்றார். சிலர் சிரித்தார்கள்.

குமாஸ்தா இன்னொரு தாளை எடுத்தார். பாஸ்போர்ட் காட்ட முடியாதவருக்குப் பணம் கொடுக்க ஒரு வழி உண்டு. அனுப்புகிறவர் ஒரு கேள்வியும் பதிலும் எழுதித் தரவேண்டும். பணம் வாங்க வருகிறவரிடம் லண்டனில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். சரியான பதிலைச் சொன்னால் பணம். தவறான ஆள் வாங்கிக்கொண்டு போனால் அலுவலகம் பொறுப்பாகாது என்று கீழே ஒரு வரி. அதில் நான் கையெழுத்துப் போடவேண்டும்.

“அப்பா பேரு, அம்மா பேரு மாதிரி கேக்காதீங்க. அதெல்லாம் யாருக்கும் தெரியும். அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரிஞ்சதாக் கேளுங்க.”

எனக்கு உடனே தோன்றிவிட்டது. அதில் ஒரு பெருமையும் வந்தது. ‘நீ பிறந்த நட்சத்திரம் என்ன?’ என்று எழுதி, பதிலுக்கான கட்டத்தில் அனுஷம் என்று ஆங்கில எழுத்தில் எழுதினேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். “இது என்ன, மிஸ்? மருந்தா?”

“நட்சத்திரம்.”

“வானத்துல இருக்கறதா?”

“ஆமா.”

“அப்ப சரி. இதை எந்த வெள்ளைக்காரனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

நானும் அதையேதான் நினைத்தேன். கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன், அவ்வளவு நிம்மதி.

அன்றே மகளுக்குப் பழைய மருத்துவமனை விலாசத்துக்கே விமானத் தபாலில் ஒரு கடிதமும் போட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், பணம் கிடைத்ததும் எழுது என்று. பதில் வரப் பத்துப் பதினைந்து நாள் ஆனது. வாசற்படியில் நின்றபடியே பிரித்தேன். ‘என்ன தந்தி, அம்மா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பாஸ்போர்ட் என் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாருக்குப் பணம் அனுப்பினீர்கள்?’

மகள் நலமாக இருக்கிறாள் என்று படித்ததில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கடைசி வாக்கியத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

போலீசில் எழுதிக்கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து சார்ஜென்ட் கூப்பிட்டனுப்பினார். லண்டனிலிருந்து தகவல் வந்திருந்தது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு இளம்பெண் வந்து பணம் வாங்கியிருக்கிறாள். பார்க்க இந்தியப் பெண் மாதிரி. கேள்வியைக் கேட்டதும் தயங்காமல் பதில் சொன்னாள்.

“தயங்காமல்னு எழுதியிருக்காங்களா?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் எழுதியிருக்கு. இந்த நட்சத்திரம் யாருக்கெல்லாம் தெரியும், மிஸ்?”

“எனக்கும் அவளுக்கும்தான்.”

“உங்களுக்கும் அவளுக்கும் மட்டும்?”

“வேற யாருக்குத் தெரியும்?”

அவர் அதை அப்படியே தாளில் எழுதி அடியில் கோடு போட்டார். என் மகளையே சந்தேகப்படுகிறார் என்று புரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கோவிலுக்குப் போனேன். மகள் கப்பலேறிய நாளிலிருந்து வெள்ளிதோறும் அவள் பெயரில் அர்ச்சனை. தட்டில் தேங்காய், வாழைப்பழம், சூடம். நான் நின்றிருந்தது கூட்டத்துக்குப் பின்னால், வாசலுக்கு அருகில். மகள் கப்பலேறிய வருடம்தான் ஐயருக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவர் என் மகளின் வீட்டுப் பெயரைச் சொன்னார். பதிவேட்டுப் பெயர் சாமிக்குத் தெரியாது என்று வீட்டுப் பெயரில் செய்யும்படி நான்தான் கேட்டிருந்தேன். தொடர்ந்து ‘அனுஷ நட்சத்திரம்’ என்றார். வாசல் தூணில் கட்டியிருந்த குழாய் அதை வாங்கித் தெருவுக்குச் சொன்னது. எதிர்ச் சாரியில் சீனக் கடைக்காரர் அரிசி அளந்துகொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். இரண்டு வருடமாக, வெள்ளிக்கு வெள்ளி, ஊருக்கே கேட்கும்படி.

நான் பிரசாதம் வாங்காமல் வெளியே வந்தேன்.

தந்தி வருவதற்கு மூன்று மாதம் முன்பு லண்டனிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர் அந்தக் கோவிலில் என்னோடு பேசியதுண்டு. நல்ல மரியாதையான மனிதர், என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். எந்த மருத்துவமனை என்று கேட்டார். பார்சல் இருந்தால் கொடுங்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். எலுமிச்சை ஊறுகாயும் ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தனுப்பினேன். மகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஆனால் அவர்தான் செய்தார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பார்சல் தொலைவதும் நடக்கிறதுதான். சார்ஜென்ட் எழுதிக்கொண்டார், அதோடு சரி. அதன் பிறகு கோவிலில் கண்ணை மூடிக் கும்பிட என்னால் முடியவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகனிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னேன். அவன் கையை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அம்மா. பாம்பூ என்ன சந்திரன்லயா இருக்கு?”

“தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு வந்தா நீ என்ன செஞ்சிருப்ப?”

“ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடிச்சிருப்பேன்.”

கவுண்டரில் இருந்தவர் சொன்ன அதே வார்த்தை.

“ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்ற மிஸ்” என்றான். குரலை உயர்த்தவில்லை. “தங்கச்சின்னா நீங்க யோசிக்கவே மாட்டீங்க. என் பணம்னாலும் யோசிக்க மாட்டீங்க.”

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நானும் போகவில்லை.

மகளுக்கு எழுதினேன். இனிமேல் நேரில் உன் முகத்தைப் பார்க்காமல் ஒரு பென்னிகூட அனுப்பமாட்டேன். அவசரம் என்றால், கோவிலுக்கும் ஊருக்கும் தெரியாத ஒரு கேள்வி கேட்பேன், பதில் சரியாக இருந்தால்தான் பணம். அவள் வேடிக்கையாகவே பதில் எழுதியிருந்தாள். ‘கேளுங்கள், அம்மா. பரீட்சை எழுதி எனக்குப் பழக்கம்தான்.’

கேள்வியை நான் யாரிடமும் சொல்லவில்லை, தாளில் எழுதிக்கூட வைக்கவில்லை. அது பெரிய புயலைப் பற்றியது.

அந்தப் புயலை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகல் நேரம். ஒரு பக்கத்துத் தகரம் தூக்கிக்கொண்டதும், கல் கட்டடமான பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம், நானும் இரண்டு பிள்ளைகளும். பிறப்புப் பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டி என் தலையில். வெறுங்காலோடு ஓடினேன். வழியில் ஒரு தகரம் கிழித்த தழும்பு இப்போதும் என் உள்ளங்காலில் இருக்கிறது. பின்னால் என் மகள், எங்கள் சிவப்புக் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வீடு போனது, பாத்திரம் போனது, கோழி மட்டும் பிழைத்தது. மறுநாள் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். சுற்றி எல்லாரும் வெறுங்காலோடும் கிழிந்த துணியோடும் நிற்க, நான் என் கறுப்பு ஷூவோடு நின்று அவருக்கு வகுப்பறைகளைக் காட்டினேன். “வீடு பறந்தாலும் மிஸ்ஸோட ஷூ பறக்கல” என்று பக்கத்து வீட்டம்மா வெகுநாள் கேலி செய்தாள்.

கோழிக் கதையை மகள் கப்பலேறிய பிறகுதான் நான் அதிகம் சொல்ல ஆரம்பித்தேன். வெளியில் யாரிடமும் இல்லை, மகன் வந்தால் அவனிடம் சொல்வேன். அவன் எழுந்துவிடுவான். வெளியே போய் சிகரெட் பற்றவைப்பான். தங்கையை நினைத்து வருத்தப்படுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் தந்திக்கு ஏழு மாதம் கழித்து, ஜனவரியில், இரண்டாவது தந்தி வந்தது. மார்பு நோய்க்காக மூன்று மாதம் சானடோரியத்தில் இருந்தேன், பயிற்சி போய்விட்டது, விடுதியைக் காலி செய்யச் சொல்கிறார்கள், ஊருக்கு வரக் கப்பல் கட்டணம் அனுப்புங்கள். கீழே வீட்டுப் பெயர். விலாசம் புதிது, ஏதோ ஒரு தெருவில் ஒரு அறை.

அந்த வாரம்தான் மகளிடமிருந்து எப்போதும்போல் ஒரு கடிதம் வந்திருந்தது. மருத்துவமனை விலாசம், அவள் கையெழுத்து. பனி பெய்கிறது, பரீட்சைக்குப் படிக்கிறேன், சாப்பாட்டில் உப்பு இல்லை. நோய் என்று ஒரு சொல் இல்லை. அதற்கு முந்தைய மூன்று மாதக் கடிதங்களையும் எடுத்து மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. அவற்றை அவள் சானடோரியத்துப் படுக்கையில் எழுதி, தோழி மூலமாக விடுதியிலிருந்து தபாலில் போடச் செய்தாள் என்பது பின்னால் தெரிந்தது. நான் கவலைப்படுவேன் என்று.

என் கையில் சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. கப்பல் கட்டணத்துக்குப் போதும். பையில் வைத்துக்கொண்டு போர் லூயிக்குப் போனேன். அதே கவுண்டர், அதே கோட்டு. அவருக்கு என்னை நினைவிருந்தது. புது விலாசத்துக்குக் கேள்வியை மட்டும் தந்தியாக அனுப்பினேன். புயலன்று பள்ளிக்கூடத்துக்கு ஓடும்போது உன் கையில் என்ன இருந்தது?

மறுநாள் மதியம் பதில் வந்திருந்தது. அவர் என்னிடம் நீட்டினார். இரண்டே சொற்கள். உங்கள் ஷூ.

“ஆலோர், அப்ப என்ன மிஸ்? சரியா?”

“தப்பு.”

“நிச்சயமா?”

“என் மகளை எனக்குத் தெரியாதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தத் தடவையாவது அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி அடிச்சுக் கேளுங்க. நர்ஸ்களுக்குத் தலைமையா மேட்ரன்னு ஒருத்தர் இருப்பாங்க.”

“பதிலே தப்பா வந்தப்புறம் இன்னும் எதுக்கு? மேட்ரன்கிட்ட எங்க வீட்டுச் சங்கதியை எதுக்குக் கடை பரப்பணும்?”

“உங்க இஷ்டம். கேக்கறதுக்குப் பெரிய செலவு ஆகாது.”

பணப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மகிழ்ச்சி. சீனக் கடையில் ஒரு டப்பா சார்டின் வாங்கினேன். எனக்கென்று தனியாக நான் எதுவும் வாங்குவதில்லை. ரொட்டியோடு அதைச் சாப்பிட்டுவிட்டு, மகளுக்கு மருத்துவமனை விலாசத்தில் நான்கு பக்கம் எழுதினேன். மறுபடி முயன்றார்கள், இந்த முறை உன் அம்மாவை ஏமாற்ற முடியவில்லை, என் ஷூவாம், நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்தக் கடிதம் மார்ச் மாதம் திரும்பி வந்தது. உறை பிரிக்கப்படவில்லை. என் கையெழுத்தின் மேல் ஊதா மையில் ஒரு முத்திரை, இந்த விலாசத்தில் இல்லை என்று.

அன்றைக்கே மருத்துவமனைக்குத் தந்தி அடித்தேன். கவுண்டரில் இருந்தவர் சொற்களை எண்ணிக் காசை மட்டும் கேட்டார். ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மேட்ரனின் பதில் கடிதமாக வந்தது, சுருக்கமாக, மரியாதையாக. உங்கள் மகள் அக்டோபர் முதல் ஜனவரி வரை சானடோரியத்தில் இருந்தாள். குணமாகி வெளியே வந்தாள். விதிப்படி மறுபடி பயிற்சியில் சேர்க்க முடியவில்லை. புது விலாசம் எங்களுக்குத் தரவில்லை.

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தந்தியில் இருந்த அந்தத் தெருவுக்கு, அவளுடைய பதிவேட்டுப் பெயரில், பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும்படி அனுப்பினேன். எல்லாம் ஒழுங்காக, விதிப்படி. வாங்க யாரும் வரவில்லை. பணம் அப்படியே திரும்பி வந்தது. அவள் அந்த அறையை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த ஐந்து மாதத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. வகுப்புக்குப் போனேன், வந்தேன். தந்திக்காரர் அந்த வழியாகப் போனால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அவள் எனக்கு எழுதவில்லை. எந்தத் தாயும் கோபம் என்றுதான் நினைப்பாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். சில நாள் அதைவிட மோசமாகவும் நினைத்தேன். லண்டனில் ஒருத்தி சாம்பல் நிறக் கோட்டோடு என் மகளின் நட்சத்திரத்தைத் தயங்காமல் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனாள். என் மகள் உண்மையான பெயரோடு காத்துக்கொண்டிருந்தாள், அவள் பதிலைத்தான் நான் தப்பு என்றேன். ஆனால் அப்போதும் எனக்குள் ஒரு மூலையில், ‘கோழி என்று சொல்லியிருக்கலாமே, எப்படி மறந்தாள்’ என்று ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்டில், தெருவெல்லாம் தேர்தல் சுவரொட்டிகள் ஒட்டியிருந்த நேரம், என் மகன் வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு. உள்ளே வரவில்லை.

“கப்பல் வியாழக்கிழமை” என்றான். “எனக்கு எழுதியிருக்கா. ஒரு வரிதான்.”

“எனக்கு ஏன் எழுதல?”

“நீங்களே கேளுங்க.”

வியாழக்கிழமை காலையிலிருந்தே துறைமுகத்தில் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். மகன் என் பக்கத்தில் நின்றான், ஆனால் ஒரு கை தூரம் விட்டு. பயணிகள் ஒவ்வொருவராக அதிகாரியின் மேசைக்கு வந்தார்கள். அவளை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முடியைக் கழுத்தளவில் வெட்டியிருந்தாள். யாருடையதோ ஒரு பெரிய கோட்டு. கழுத்தெலும்பு தெரிந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பொறுமையாகப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

அவள் பாஸ்போர்ட்டை இடது கையால் வாங்கினாள். வலது கை கோட்டுப் பையிலேயே இருந்தது. கிட்டே வந்து பெட்டியை மாற்றிப் பிடிக்க அதை வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன். இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே தோல் வழவழவென்று சுருங்கி, வேறு நிறத்தில் இருந்தது.

“என்ன இது?”

“சலவைக் கம்பெனியில வேலை பார்த்தேன். துணி அழுத்தற மிஷின், நீராவியில ஓடறது. கப்பல் காசு சேர்க்கணுமே.”

சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் தாமதம் என்று சொல்வதுபோல். நான் அவளைத் தொட்டிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“ஏம்மா அப்படிப் பதில் சொன்ன? கோழின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேனே. பணத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தானே நின்னேன்.”

அவள் புரியாமல் அண்ணனைப் பார்த்தாள். “என்ன கோழி?”

மகன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“கோழியை நான்தான் தூக்கிட்டு வந்தேன், அம்மா. எத்தனையோ தடவை சொல்லணும்னு நினைச்சேன். அவளைப் பத்தி நீங்க அவ்வளவு ஆசையாச் சொல்லும்போது எப்படிச் சொல்றது?”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். என் காலைக் குனிந்து பார்த்தாள். அன்று நான் போட்டிருந்ததும் ஒரு கறுப்பு ஷூதான்.

“நீங்க வெறுங்காலோட ஓடினீங்க” என்றாள். “மறுநாள் பெரிய அதிகாரி வந்தா மிஸ் வெறுங்காலோட எப்படி நிப்பாங்கன்னு, உங்க ஷூவைச் சட்டைக்குள்ள வச்சு நான்தான் எடுத்துட்டு வந்தேன், அம்மா. அதைத்தான் கேக்கறீங்கன்னு நினைச்சேன்.”